27ல் 1 போனால்...

டிஸ்கி: நீளமான பதிவு. பூச்சி, பல்லி பார்த்தாலே அலறுறவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

மக்களே, இதை எழுதலாமா வேணாமான்னு ஒரு வருஷமா யோசிச்சுட்டு இருந்தேன். நாய் வளர்க்கிறவன், மீன் வளர்க்கிறவன், மாடியில புறா வளர்க்கிறவன் எல்லாம் பெருமையா பதிவு போடறான். நான் வளர்க்கிறதைச் சொன்னா ஒரு நிமிஷம் அமைதி வரும். அப்புறம் "எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். ஆபீஸ்ல டேமேஜர் ஒரு தடவை கேட்டுட்டு நாற்காலியை ரெண்டடி பின்னாடி தள்ளிக்கிட்டார். வீட்ல எனக்குப் பொண்ணு பார்க்கிற படலம் ஓடிட்டு இருக்கு. அம்மா எல்லா இடத்துலயும் "பையன் மீன் வளர்க்கிறான்"னுதான் சொல்லி வச்சிருக்காங்க.

நான் தேள் வளர்க்கிறேன். இப்போ ஒண்ணே ஒண்ணு. போன வருஷம் வைகாசியில எத்தனைன்னு எனக்கே சரியா தெரியாது. அந்தக் கதைதான் இது.

முதல்ல வீட்டைப் பத்திச் சொல்லிடறேன். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் பக்கம். முன்கூடத்துல அப்பாவோட தறி. குழித்தறி பார்க்காதவங்களுக்காக: தரையில இடுப்பு ஆழத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா ஒரு குழி, அதுக்குள்ள காலைத் தொங்கவிட்டு விளிம்புல உக்காரணும். மிதிகட்டை எல்லாம் குழிக்குள்ள. மேல கண்ணு பாவுலயும் ஜரிகையிலயும் இருக்கும், கீழ கால் இருட்டுல வேலை செய்யும். மண் தரை, குளிர்ச்சி, இருட்டு, நூல் குப்பை, அதைத் தேடி வர்ற கரப்பான். ஒரு தேள் வீடு கட்டிக்கணும்னு பிளான் போட்டா இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2007, எனக்குப் பத்து வயசு, ஸ்கூல் லீவு. கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் கோத்து நெய்யறதுக்கு மூணு நாடா வேணும், எதிர்ப்பக்கம் உக்கார்ந்து கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். லீவுல அந்த ஆள் நான்தான். நாடா தள்ளிட்டு இருக்கும்போது அப்பா திடீர்னு "ஸ்ஸ்"னார். கத்தலை. காலை மேல எடுத்து வச்சு பெருவிரலைப் பிடிச்சுக்கிட்டார். "தேளுடா, செருப்பை எடு"ன்னார். நான் செருப்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது மிதிகட்டைக்கு அடியில எஸ்கேப்.

முதல்ல மந்திரிக்கிறவர்கிட்டதான் கூட்டிட்டுப் போனாங்க. வேப்பிலை, விபூதி, எல்லாம் ஆச்சு. அரை மணி நேரத்துல அப்பாவுக்குச் சட்டை பிழியற மாதிரி வேர்வை. வாந்தி. கை கால் எல்லாம் ஐஸ் மாதிரி. அப்புறம்தான் ஆட்டோ, ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் என்னென்னவோ பார்த்துட்டு ஒரு சின்ன மாத்திரை குடுத்தார். ஆயாவுக்கு அதுல பெரிய மனக்குறை. "ஊசி போடல, ஒண்ணும் போடல, யாருக்கோ குடுக்கிற பிபி மாத்திரையைக் குடுத்து அனுப்பிட்டான்"னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருந்துச்சு. மூணாவது நாள் அப்பா தறியில உக்கார்ந்துட்டார்.

அந்த பிபி மாத்திரை மேட்டர் எனக்குப் புரிஞ்சது இஞ்சினியரிங் முடிச்சு வேலைக்கு வந்தப்புறம், ஒரு ராத்திரி சும்மா தேடிப் படிச்சுட்டு இருந்தப்போ. மகாராஷ்டிராவுல ராய்கட் மாவட்டம், மகாட்னு ஒரு ஊர். அங்க ஹிம்மத்ராவ் பாவஸ்கர்னு ஒரு டாக்டர். 1970களோட கடைசியில ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலைக்குப் போறார். தேள் கொட்டி வர்றவங்கள்ல, முக்கியமா குழந்தைங்க, செத்துட்டே இருக்காங்க. உடம்பெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதி வைக்கிறார். 1982ல 'லான்செட்'ல அது வருது. செந்தேள் விஷம் நரம்பைத் தூண்டிவிட்டு ரத்தக்குழாயை எல்லாம் இறுக்கிடுது. இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைச்சுப் போகுது. கடைசியில நுரையீரல்ல நீர் கோத்துக்குது. அப்போ இறுகின குழாயைத் தளர்த்தணும். அதுக்கு ஏற்கெனவே கடையில இருந்த மலிவான ரத்த அழுத்த மாத்திரை பிரசோசின். 1986ல அதையும் எழுதிட்டார். 40 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 1 சதவீதம் பக்கத்துக்கு வந்துச்சு. 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

ஆயா இருந்தப்பவே இதைச் சொல்லியிருக்கணும். லேட்.

இன்னொண்ணு. அந்தச் செந்தேளுக்கு 1798லயே ஃபேப்ரீசியஸ்னு ஒரு டென்மார்க்காரர் பேர் வச்சுட்டார். குடும்பப் பேர் மூணு நாலு தடவை மாறி இப்போ 'ஹோட்டன்டோட்டா'ன்னு நிக்குது. பின்னாடி ஒட்டின பேர் மட்டும் அன்னைக்கு வச்சதேதான்: 'டேமுலஸ்'. பேரைக் கேட்டாலே நம்ம வாடை அடிக்குதா? உலகத்துல ஆளைக் கொல்லக்கூடிய தேள்கள்ல ஒண்ணு, நம்ம மொழி பேரைச் சுமந்துட்டு நம்ம தறிக்குழியில உக்கார்ந்திருக்கு. இதைப் படிச்ச ராத்திரிதான் எனக்குப் பித்து பிடிச்சதுன்னு நினைக்கிறேன்.

ஆனா ஆரம்பிச்சது செந்தேள்ல இல்ல. 2021ல வீட்லேர்ந்து ஆணி புடுங்கிட்டு இருந்தப்போ, கொல்லைப்புறத்துல செங்கல் அடுக்கை நகர்த்தினா ஒரு நட்டுவாக்காலி. கன்னங்கரேல்னு, உள்ளங்கை நீளம், நண்டு மாதிரி ரெண்டு கை. பார்க்க எமன் மாதிரி இருக்கும், விஷம் என்னமோ அந்த அளவுக்கு இல்ல. ஆள் நல்ல பலசாலி, கையாலயே இரையை நொறுக்கிடும், அதனால கொடுக்கை ரொம்ப நம்பி இல்ல. செந்தேள் அப்படியே தலைகீழ். ஒல்லிக் கை, தடிச்ச வால். கை சின்னதா வால் பெருசா இருந்தா தள்ளி நில்லுங்க. எல்லாத் தேளுக்கும் இது நூத்துக்கு நூறு பொருந்தாது, ஆனா ராத்திரி கக்கூஸ்ல எதிர்ல நிக்கும்போது இந்த அளவு அறிவு போதும்.

நட்டுவாக்காலிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாலு விரல் மண், கவுத்து வச்ச ஓட்டுத் துண்டு, ஒரு மூடியில தண்ணி. வாரத்துக்கு ஒரு கரப்பான். அது சாப்பிடலைன்னா மறுநாளே கரப்பானை வெளிய எடுத்துடணும். தேள் தோலுரிக்கிற நேரத்துல உடம்பு மெத்துனு இருக்கும், கரப்பானே அதைக் கடிச்சுடும். மத்தபடி இதுக்கு நாம தேவையே இல்ல. மாசக்கணக்குல பட்டினி கிடக்கும். பாசம், வாலாட்டறது எல்லாம் கிடையாது (வாலாட்டினா அதுக்கு வேற அர்த்தம்). இதுல என்ன சுகம்னு கேட்டா, ராத்திரி கரண்ட் போனப்போ கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அது மேல அடிச்சுப் பாருங்க. கருப்புத் தேள் அப்படியே பச்சையும் நீலமுமா ஒளிரும். தோல்ல இருக்கிற ஏதோ ரெண்டு மூணு வேதிப்பொருள்தான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா அது தேளுக்கு எதுக்கு உபயோகம்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க.

வெளிநாட்டுல இதை ஒழுங்கா செய்யறவங்க நிறைய பேர். அவங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சுத்தான் நான் கத்துக்கிட்டேன். கையால தொடாதே, ஒரு அடி நீள இடுக்கி வச்சுக்கோ. மூடிக்குப் பூட்டு போடு. டப்பாவுக்குள்ள டப்பா வை, உள்ளது போனாலும் வெளியது பிடிக்கணும். தனியா இருக்கும்போது திறக்காதே. கொட்டினா எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, எழுதி டப்பா மேல ஒட்டு. இங்கிலாந்துல 1976லயே சட்டம் போட்டுட்டாங்க, நம்ம செந்தேள் குடும்பத்துல எந்தத் தேளை வீட்ல வச்சாலும் லைசென்ஸ் வேணும்.

வெளிநாடு எதுக்கு, இங்க வடநெம்மேலி போங்க. 2019 வரைக்கும் எங்க மாவட்டம்தான், இப்போ செங்கல்பட்டு. முதலைப் பண்ணைக்குள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978லேர்ந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலும் மண்பானையில. பானை வாய்க்குத் துணி கட்டி இருக்கும். பூட்டு இல்ல, கேமரா இல்ல. ஆனா எந்தப் பானையில எது, எப்போ வந்துச்சு, எப்போ வெளிய விடணும்னு கணக்கு இருக்கும். விஷம் எடுத்துட்டுக் கொஞ்ச வாரத்துல காட்டுலயே விட்டுடுவாங்க. அங்க நின்னப்போ எனக்குத் தோணினது ஒண்ணுதான்: இவங்ககிட்ட இருக்கிறது கணக்கு. இதை நான் தோணினதோட நிறுத்திக்கிட்டேன் பாருங்க, அதான் வினை.

போன வருஷம் தை மாசம், தறிக்குழி கூட்டும்போது அம்மா கத்தினாங்க. போய்ப் பார்த்தா செந்தேள். ரெண்டரை அங்குலம் இருக்கும், செம்மண் நிறம், முதுகுல சாம்பல். அப்பா கையில செருப்பு.

"அடிக்காதீங்கப்பா."

"வெளிய விடறியா?"

"இல்லப்பா. வச்சுக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், செருப்பைக் கீழ போட்டுட்டுப் போயிட்டார். அம்மாதான் நாலு நாள் பேசலை.

மாடி ரூம்ல வச்சேன். உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில சால்டரிங் அயர்னால சுட்ட காத்து ஓட்டை. அதை ஒரு கண்ணாடி மீன்தொட்டிக்குள்ள வச்சு மேல வலை மூடி, பூட்டு. டப்பா மேல 'செந்தேள், பிரசோசின், போன் நம்பர்' எல்லாம் ஒட்டினேன். ஒரு படி மேல போய், கொட்டினா எங்க போறதுன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு ஆஸ்பத்திரியில விசாரிச்சும் வச்சேன். ஒரு இடத்துல "தேள் விஷ முறிவு மருந்து இருக்கா"ன்னு கேட்டதுக்கு, "யாருக்குக் கொட்டுச்சு?"ன்னாங்க. "இன்னும் கொட்டல"ன்னேன். அவங்க பார்த்த பார்வை இருக்கே...

(விஷ முறிவு மருந்து சும்மா இல்ல. பாவஸ்கரும் அவர் மனைவியும் 70 பேரை வச்சு 2011ல பண்ணின ஆய்வுல, பிரசோசின் மட்டும் குடுத்தவங்க தேற சராசரியா 17 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ரெண்டும் சேர்த்துக் குடுத்தவங்களுக்கு 8 மணி நேரம்தான். புதுச்சேரி ஜிப்மர்லயும் குழந்தைங்களுக்கு இதே மாதிரி ஆய்வு பண்ணி 2014ல எழுதியிருக்காங்க.)

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரம். காலையில டப்பாவைப் பார்த்தா தேள் முதுகு மேல வெள்ளையா அரிசி கொட்டின மாதிரி. குட்டிங்க! தேள் முட்டை போடாது, குட்டிதான் போடும். அதுங்க முதல் தோல் உரிக்கிற வரைக்கும் அம்மா முதுகுலயே சவாரி. நான் பிடிச்சப்பவே அது கர்ப்பம்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு அன்னைக்கு ஒரே சந்தோஷம். நூறு போட்டோ எடுத்திருப்பேன். டப்பா மூடியைத் திறந்து, தொட்டி மூடியைத் தள்ளி வச்சு, மேலேர்ந்து, பக்கத்துலேர்ந்து. வெயில் கொளுத்துது, காத்து வரட்டுமேன்னு தொட்டி மூடியை அரைவாசி திறந்தே வச்சுட்டேன். உள் டப்பாதான் மூடி இருக்கேன்னு ஒரு நினைப்பு. ஆபீஸ்ல அடுத்தவன் எழுதின கோடுல ஓட்டை கண்டுபிடிச்சு சம்பளம் வாங்கறவன் நான். என் டப்பாவுல நானே சுட்ட ஓட்டை மூணு மில்லிமீட்டர், தேள் குட்டி அதைவிட ஒல்லின்னு பத்து நாள் தோணவே இல்ல.

பத்தாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சேன். பிறந்த குட்டிங்க அவ்வளவா ஒளிராது, முதல் தோல் உரிச்சப்புறம்தான் மின்னும். அன்னைக்குத்தான் முதல் தடவை மின்னுச்சு. டப்பாவுக்குள்ள குட்டி குட்டியா பச்சைப் புள்ளி. அழகுன்னு பார்த்துட்டு இருந்தவன் கண்ணு சும்மா கீழ போச்சு. டப்பாவுக்கு வெளிய, தொட்டி தரையில, நாலு பச்சைப் புள்ளி.

வயிறு கலங்குறதுன்னு சொல்வாங்களே, அது அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

நாலையும் இடுக்கியில பிடிச்சு பாட்டில்ல போட்டேன். உள்ள இருக்கிறதை எண்ணினேன். 22. ஆக 26. போன்ல இருந்த போட்டோவைப் பெருசு பண்ணி முதுகு மேல இருக்கிறதை எண்ணினேன். 27. திரும்ப எண்ணினேன். 27. வேற போட்டோ. 27.

கண்ணாடியில தேள் ஏறாது, வழுக்கும். ஆனா மீன்தொட்டி மூலையில ஒட்டறதுக்கு சிலிகான் பூசி இருப்பாங்க பாருங்க, அதைப் பிடிச்சு ஏறும். இது நான் படிச்சது. படிச்சதை எல்லாம் மூடி பூட்டி இருந்தா கவலை இல்லைன்னு நினைச்சே படிச்சிருந்தேன்.

ஒரு வேளை அம்மாக்காரியே ஒண்ணைத் தின்னிருக்கலாம். கூடப் பிறந்தது தின்னிருக்கலாம். இதெல்லாம் தேளுங்க குடும்பத்துல சகஜம். மண்ணை முழுக்கக் கொட்டி சல்லடையில சலிச்சேன். ஒரு காலோ வாலோ கிடைச்சா நிம்மதி. ஒண்ணும் கிடைக்கல.

ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோட வீடு முழுக்க அலைஞ்சேன். அந்த வெளிச்சத்துல வீடே வேற மாதிரி இருக்கும். சோப்புத்தூள் போட்டுத் துவைச்ச வேட்டி எல்லாம் நீலமா எரியுது. வெள்ளை நூல் துணுக்கு ஒவ்வொண்ணும் மின்னுது. நெசவு வீட்ல நூல் துணுக்குக்குப் பஞ்சமா? ஒவ்வொரு துணுக்கையும் தேள்னு நினைச்சுக் குனிஞ்சு பார்த்தேன். தறிக்குழியில இறங்கித் தேடிட்டு இருந்தப்போ கூடத்து லைட் எரிஞ்சது. அப்பா.

"எத்தனை?"ன்னார். எதையும் கேட்கல, இதை மட்டும்தான்.

"ஒண்ணுப்பா. குட்டி. இல்லாமயும் இருக்கலாம்."

"பாப்பா வருதேடா"ன்னார்.

அக்கா செங்கல்பட்டுல இருக்கா. அவ பொண்ணுக்கு மூணு வயசு. வருஷா வருஷம் வைகாசி கருட சேவைக்கு முந்தின நாளே வந்துடுவாங்க. வரதர் விடியற்காலையில கருடன் மேல கிளம்பறதைப் பார்க்கிறதுன்னா எங்க வீட்ல தீபாவளிக்கு மேல. அதுக்கு ஆறு நாள் இருந்துச்சு. பாப்பா தரையில உருண்டு விளையாடுற வயசு. தறிக்கு அடியில ஜரிகைத் துணுக்கு பொறுக்கறதுதான் அவளுக்கு இங்க வேலையே. பெரிய ஆளைக் கொட்டினா வலியோட போகும்னு வச்சுக்கலாம். இருபது கிலோகூட இல்லாத குழந்தைக்கு? குட்டித் தேளுக்கு விஷம் கம்மிதான்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். 2007ல அப்பா சட்டையைப் பிழிஞ்சது ஞாபகம் வந்துச்சு.

மூணு ராத்திரி தேடினோம். ரெண்டாவது ராத்திரியிலேர்ந்து அப்பாவும் கூட வந்தார். பெட்டி, பாய், அரிசி டிரம், ஜக்காட் அட்டை அடுக்கு, எல்லாத்தையும் நகர்த்தினோம். குழி மூலையில வேற ஒரு பெரிய தேள் கிடைச்சது. பூரான் ரெண்டு. குட்டி மட்டும் இல்ல.

நாலாவது நாள் அக்காவுக்கு போன் பண்ணினேன். 'பெயிண்ட் அடிக்கிறோம்'னு சொல்லிடலாம்னு ஒரு ஐடியா இருந்துச்சு, மறைக்க விரும்பல. முழுசா சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்பா காலை வச்சுட்டு உக்கார்ற வீடுடா அது"ன்னா. வேற எதுவும் சொல்லல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கருட சேவை அன்னைக்கு அவ வந்தா. முந்தின நாள் ராத்திரி சொந்தக்காரங்க வீட்ல தங்கிட்டு, விடியற்காலை கூட்டத்துல நின்னு சாமி பார்த்தா. நான் பாப்பாவைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டேன். குடை, வாத்தியம், கூட்டம், எல்லாம் முடிஞ்சதும் பாப்பா "தாத்தா வீடு"ன்னு எங்க தெரு பக்கம் கை காட்டினா. அக்கா "அப்புறம்"னா. அம்மா வீட்லேர்ந்து தூக்குல இட்லி கொண்டு வந்து, ஒரு கடை வாசப்படியில உக்கார்ந்து பாப்பாவுக்கு ஊட்டிவிட்டாங்க. வீடு அங்கேர்ந்து பத்து நிமிஷ நடை. பதினொரு மணி ரயிலுக்கு அவங்க கிளம்பிட்டாங்க.

தாயையும் 26 குட்டியையும் அந்த வாரமே ஒரு காலேஜ் விலங்கியல் துறையில வேலை பார்க்கிற நண்பன் எடுத்துட்டுப் போயிட்டான். அவன் முன்னாடியே எண்ணிக் குடுத்தேன், அவனும் எண்ணிக் கையெழுத்துப் போட்டான். கிண்டல் பண்ணிட்டேதான் போட்டான். நட்டுவாக்காலி மட்டும் இருக்கு. வெளி டப்பாவுக்கு இப்போ ஓட்டையே இல்ல, அரை மில்லிமீட்டர் எஃகு வலை.

அக்கா தீபாவளிக்கு வந்தா. பாப்பாவைத் தரையில விடல, கட்டில் மேலயே வச்சிருந்தா. பொங்கலுக்குக் கொஞ்சம் விட்டா.

அப்பா தறியை நிறுத்தவே இல்ல. அந்த மூணு நாள்கூட நிறுத்தல. "முப்பது வருஷமா தேளோடதான் உக்கார்ந்திருக்கேன், இது ஒண்ணு கூடுதல்"னார். ஆனா டார்ச் இப்போ என்கிட்ட இல்ல. தினம் காலையில அஞ்சு மணிக்கு, கூடத்து லைட் போடறதுக்கு முன்னாடி, குழிக்குள்ள ஒரு தடவை அடிச்சுப் பார்த்துட்டுத்தான் காலை இறக்கறார். நேத்து நான் ஆபீஸ்லேர்ந்து பஸ்ல வந்துட்டு இருந்தப்போ போன்.

"அந்த நீல லைட்டு மங்குதுடா. வரும்போது செல் வாங்கிட்டு வா. நாலா வாங்கிடு."